துணைக்கால்

விடைக்குறிப்பு வாரியத்திலிருந்து லூர்தம்மாவுக்கு வந்த கடிதத்தில் மூன்று வரிகள் இருந்தன.

"தங்கள் மகள் ஜ. ஏஞ்சல் எழுதிய வேதியியல் விடைத்தள் ஆரயப்பட்டது. முப்பத்தெட்டம் கேள்விக்கு வழங்கிய சுழியம் சரியே. மற்றம் இல்லை."

கீழே, 'விடைக்குறிப்பு வரியம், மயிலப்பூர்' என்று அச்சிட்டு, வட்ட முத்திரை குத்தியிருந்தது.

லூர்தம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். லூப் சாலை மீன் அங்காடியில் மீனும் நண்டும் இறாலும் விற்பவர். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடி இது மயிலப்பூரு? வேற ஊரா?"

"அதே மயிலாப்பூர்தான்மா. கால் போடல."

"கவர்மென்ட் காயிதத்துல காலு கூடவா இல்லாம அனுப்புவாங்க?"

"எல்லாத்துலயும் இல்ல பாரு. விடைத்தள், மற்றம். அப்பா இனிஷியல்லயே கால வுட்டுட்டாங்க. அவங்களுக்குக் கால்னாலே ஆகாது போல." ஏஞ்சல் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

விஷயம் ஐந்து மதிப்பெண். செவிலியர் பட்டப்படிப்புக்கான கலந்தாய்வுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. சென்ற ஆண்டு கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் முடிந்ததோ, அதற்கு மூன்று குறைவாக ஏஞ்சல் நின்றாள். ஐந்து வந்தால் கல்லூரி. வராவிட்டால் வேளச்சேரி மாலில் ஒரு துணிக்கடை. நாள் முழுவதும் உட்காராமல் துணி மடிக்கும் வேலை. அவளுடைய தோழி அங்கே ஏற்கெனவே இவள் பெயரையும் சொல்லி வைத்திருந்தாள்.

கேள்வி இதுதான்: கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்து மீத்தேன் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தை, ஆற்றல் சுழற்சி வரைந்து, ஏதேனும் ஒரு வழியில் கணக்கிடுக.

"அப்ப நீ தப்பா போட்டியா?"

"விடை சரிம்மா. மைனஸ் எழுபத்து நாலு புள்ளி எட்டு. புக்குலயும் அதான்."

"பின்ன இன்னாத்துக்கு முட்டை போட்டானுவ?"

ஏஞ்சல் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டாள். இடது மேலே மீத்தேன், வலது மேலே கார்பனும் ஹைட்ரஜனும், நடுவில் கீழே கரியமில வாயுவும் தண்ணீரும்.

"கரியையும் வாயுவையும் கலந்து மீத்தேன் பண்ணி, எவ்ளோ சூடு வருதுன்னு நேரா அளக்க முடியாது. ஆனா மூணையும் தனித்தனியா எரிக்கலாம். எரிச்சா எல்லாமே கீழ கீற கட்டத்துக்குத்தான் வரும். அத வெச்சுக் கண்டுபிடிக்கணும்."

"நண்டு மாரி," என்றார் லூர்தம்மா.

"அதான்! நீ நண்ட எப்படி நிறுப்ப?"

"நண்டு தனியா தராசுல நிக்குமா? ஓடிடும். கூடையோட சேத்து நிறுத்துட்டு, அப்பால வெறுங்கூடைய நிறுத்துக் கழிப்பேன்."

"நானும் அப்படித்தான் போட்டேன். நெறைஞ்ச கூடையில ஆரம்பிச்சேன். மீத்தேன எரிச்சேன், எண்ணூத்தித் தொண்ணூறு புள்ளி மூணு வெளிய வந்துச்சு. அங்கருந்து திரும்பிக் கரிக்கும் வாயுவுக்கும் ஏறினேன், தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சு புள்ளி ஒண்ணு உள்ள போச்சு. வித்தியாசம் எழுபத்து நாலு புள்ளி எட்டு. எதிர்ப்பக்கமா போனதால கடைசில குறிய மாத்திட்டேன். எந்த வழில போனாலும் மாற்றம் ஒண்ணுதான்மா, அதான் ஹெஸ் விதி. அந்த விதியத்தான் கேள்வியா கேட்டுருக்காங்க."

"அப்ப வழிக்காக எதுக்கு முட்டை?"

"அதத்தான் போய் நீ கேக்கணும்."

வாரியம் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டில் இயங்கியது. நடுவில் முற்றம். முற்றத்தைச் சுற்றி நான்கு அறைகள். ஒவ்வொரு அறை வாசலிலும் தரையில் சிவப்பு வண்ணத்தில் அம்புக்குறி. ஒன்றாம் அறையில் தொடங்கி இரண்டு, மூன்று, நான்கு என்று வலமாகச் சுற்றி, நான்காம் அறையின் பின்கதவு வழியாக மீண்டும் ஒன்றாம் அறை வாசலுக்கே வரலாம். அந்தப் பின்கதவில் 'வெளியேற மட்டும்' என்று எழுதியிருந்தது. அதன் வழியாக யாரும் வெளியேறி லூர்தம்மா பார்க்கவில்லை. ஆனால் கதவு ஒருக்களித்தே இருந்தது. உள்ளே ஒரு மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

ஒன்றாம் அறையில் முத்துலட்சுமி என்ற எழுத்தர் மனுவை வாங்கிக் கணினியில் தட்டினார்.

"மேடம், உங்க லெட்டர்ல காலே இல்லியே."

"அந்தக் கீ போய் ஏழு வருஷம் ஆச்சும்மா. புதுக் கீபோர்டு கேட்டு எழுதியிருக்கோம். முக்கியமான எடத்துல நான் பேனாவால போட்டுடுவேன்." அவர் நிமிராமல் சொன்னார். "அம்புக்குறியப் பாத்து ரெண்டாம் ரூமுக்குப் போங்க. குறுக்க முற்றத்துல எறங்கக் கூடாது."

இரண்டாம் அறையில் கண்காணிப்பாளர் அனந்தராமன் இருந்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் கூரை வரை இரும்பு அலமாரி. அதில் விடைத்தாள் கட்டுகள். ஏஞ்சலின் விடைத்தாளை மூக்குக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தவர், சூடு பட்டதுபோல் கீழே வைத்தார்.

"ஏம்மா, உங்காத்துப் பொண்ணு அம்ப எடமா போட்டிருக்காளே!"

"போட்டா இன்னா சார்?"

"என்னவா? விடைக்குறிப்புல என்ன எழுதியிருக்கு பாருங்கோ." ஒரு தாளை நகர்த்தினார். தட்டச்சு செய்த கடைசி வரி: 'அம்புகள் வலமாகவே.' முதல் கால் மட்டும் பேனாவால் போட்டிருந்தது. "வலமாகவே. ஏகாரம் இருக்கு, கவனிச்சேளா? தேற்றேகாரம். வலம்தான், வேற வழியே கிடையாதுன்னு அர்த்தம். கோயில எப்படிச் சுத்தறோம்? வலமாத்தானே? எடமா சுத்தறது எப்போ தெரியுமோ? காரியத்துக்குத்தான். பரீட்சைப் பேப்பர்ல போய் அபரக் காரியம் பண்ணி வெச்சிருக்கா உங்க பொண்ணு."

"நாங்க வேதக்காரங்க சார். சாந்தோம் கோயிலு."

"இருக்கட்டுமே. ரசாயனத்துக்கு மதம் ஏதும்மா?" அவர் அந்தத் தாளை மடிக்காமல், விரல் நுனியால் பிடித்துப் பின்னால் அலமாரிக்குள் வைத்தார். "ஏழு வருஷத்து எடம் எல்லாம் இதுலதான் இருக்கு. இப்படிப் போட்ட கொழந்தேள் எத்தனை பேர் பாருங்கோ. சில நாள் மத்தியானம் தானா சலசலங்கும். ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருக்கும்."

அவர் இதைப் புகாராகச் சொல்லவில்லை. குழாய் ஒழுகுவதைச் சொல்வதுபோல் சொன்னார். கோப்பில் 'பரிந்துரை இல்லை' என்று எழுதினார்.

மூன்றாம் அறையில் இணை இயக்குநர் புகழேந்தி. அவர் மேசையில் ஒலிவாங்கி இருந்தது. அறையில் லூர்தம்மா ஒருவர்தான் இருந்தார். ஆனாலும் புகழேந்தி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டே பேசினார்.

"அன்புத் தாயே! ஹெஸ் விதி என்ன சொல்கிறது? தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால், எந்தப் பாதையில் சென்றாலும் வெப்ப மாற்றம் ஒன்றே என்கிறது. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இயற்கை தன் விருப்பப்படி எந்தப் பாதையிலும் செல்லலாம். ஆனால் இயற்கை எங்களிடம் தேர்வு எழுதுவதில்லை. இயற்கைக்கு எங்கள் வாரியத்தில் பதிவெண் கிடையாது. தங்கள் மகளுக்கு உண்டு. பதிவெண் உள்ள ஒருவர் இயற்கையைப் போல நடந்துகொண்டால் வாரியம் எதற்கு? சரியான விடைகளை மட்டும் பார்த்து மதிப்பெண் வழங்க வேண்டுமென்றால், அதற்கு வாரியமே தேவையில்லையே!"

தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்ததுபோல் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு ஒலிவாங்கியை அணைத்தார்.

"கேள்வித்தாள்ல ஏதேனும் ஒரு வழின்னு போட்டுகீதே சார்."

"ஆம். அந்த ஏதேனும் ஒரு வழி எது என்பதைத்தான் விடைக்குறிப்பு கூறுகிறது." இரண்டாம் அறையில் பரிந்துரை இல்லாததால் அவரும் 'பரிந்துரை இல்லை' என்று எழுதினார். "இறுதி முடிவு முதன்மைத் தேர்வாளர் கோதண்டபாணி ஐயாவுடையது. நான்காம் அறை."

நான்காம் அறை வாசலில் ஒரு சிறு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. லூர்தம்மா எட்டிப் பார்த்தார். மேசை, நாற்காலி, நாற்காலியின் முதுகில் துவாலை, மேலே சுற்றும் விசிறி, மேசையில் ஆவி பறக்கும் டீ. ஆள் இல்லை.

"அவுரு எப்ப வருவாரு?" ஜன்னலில் மனுக் கோப்பை வைக்க வந்த முத்துலட்சுமியிடம் கேட்டார்.

"யாரு, சாரா? சார் தவறிப்போய் ஏழு வருஷம் ஆச்சு. இந்த நாற்காலிலயேதான். விடைக்குறிப்பு எழுதிட்டிருந்தப்ப."

லூர்தம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "பின்ன டீ?"

"பணியில இருக்காரே. விடுவிப்பு ஆணை போடலயே. போடணும்னா நாலாம் ரூம் கையெழுத்து வேணும், அது சாரோட ரூம். இறப்புச் சான்றிதழ் வந்துச்சு, ஆனா எங்க விதில மரணம் விடுப்பு வகையில சேரல. இன்னொண்ணு, வருகைப் பதிவேட்டுல தினமும் கையெழுத்து இருக்கு. காலையில வந்து பாத்தா ஈரமா இருக்கும், சிவப்பு மையில. ஏழு வருஷத்துல ஒரு நாள் லீவு எடுக்காத ஒரே ஆபீசர். போன வருஷம் சிறந்த பணியாளர் விருது கூட நாற்காலிக்குக் குடுத்தாங்க."

"நம்ம மனுல கையெழுத்து போடுவாரா?"

"எடமா போட்டதுல இதுவரைக்கும் போட்டதில்ல. கோப்பு ஜன்னல்ல இருக்கும், எடுத்துப் பாக்கவே மாட்டார். போடலன்னா மறுப்புன்னு எடுத்துப்போம்."

அன்று மாலை கோப்பு அப்படியே திரும்பி வந்தது. மற்றம் இல்லை.

லூர்தம்மா மூன்று நாள் மூன்று முறை சுற்றினார். காலையில் அங்காடி, பத்து மணிக்கு ஷேர் ஆட்டோ, வலமாக ஒரு சுற்று, மாலையில் அதே மூன்று வரிக் கடிதம். மூன்றாம் நாள் வீட்டில் அவருடைய கணவர் ஜான்சன் வலை பிரித்துக்கொண்டே சொன்னார்: "செத்துப்போனவராண்ட கையெழுத்துக்கு நின்னுகினு கீற. உயிரோட கீறவனுவ கையெழுத்துக்கே நான் டீசல் மானியத்துக்கு ஆறு மாசமா நின்னுகினு கீறேன்."

"உயிரோட கீறவன விட அவுரு பரவால்ல. லீவே எடுக்கறதில்லியாம்."

ஏஞ்சல் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். "மா, நீ ஒண்ணாம் ரூம்ல கெளம்பி ஒண்ணாம் ரூமுக்கே வர. ஒரு சுத்து சுத்தி கெளம்புன எடத்துக்கே வந்தா மொத்த மாற்றம் சுழியம்தான். அதுவும் ஹெஸ் விதிதான்."

"அப்ப இன்னா பண்றது?"

"எதிர்ப்பக்கமா போனா குறி மாறும்," என்றாள் ஏஞ்சல். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

நான்காம் நாள் பிற்பகல், டீ கொடுத்து முடித்து எல்லோரும் அவரவர் அறைக்குப் போன நேரம், லூர்தம்மா ஒன்றாம் அறையில் பதிந்த புது மனுக் கோப்போடு வாசலில் இடப்பக்கம் திரும்பினார். 'வெளியேற மட்டும்' கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார்.

அறை குளிர்ந்திருந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்ததுபோல் இருந்தது அவருக்கு. டீயும் சுண்ணக்கட்டியும் கலந்த மணம். நாற்காலி இருக்கையில் பள்ளம் விழுந்திருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்ததுபோல, அல்லது எழாததுபோல. மேசையில் கையால் எழுதிய தாள்கள். மேல்தாளின் கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். அ-ம்-பு-க-ள். வ-ல-மா-க-வோ.

மறுபடி படித்தார். வே இல்லை. வோ. கடைசியில் கால் இருந்தது.

அந்தத் தாளுக்குக் கீழே இன்னொரு தாள், ஏழு வருடத்து டீக்கறையில் மேசையோடு ஒட்டிக்கிடந்தது. செதிலுக்கு அடியில் கத்தி போகாத இடத்தில் நகம் போகும். லூர்தம்மாவின் நகம் முப்பது வருடப் பழக்கம். கிழியாமல் பெயர்த்தார். அதன் முதல் வரி: 'இடமாகவோ வரலாம். எவ்வழியாயினும் விடை சரியெனில் முழு மதிப்பெண்.'

"அட பாவமே," என்றார் நாற்காலியைப் பார்த்து. "காலு போன மனுசன் எப்பிடி சார் எந்திரிச்சுப் போவீங்க?"

விசிறியின் கிரீச்சு நின்றது. இறக்கைகள் மட்டும் சுற்றின. லூர்தம்மா கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் ஐந்து மதிப்பெண். மனுக் கோப்பை மேசையில் வைத்தார், அங்கே கிடந்த சிவப்புப் பேனாவை அதன்மேல் வைத்தார், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னார். முதுகுக்குப் பின்னால் நாற்காலி ஒருமுறை முனகியது. திரும்பியபோது கோப்பில் கையெழுத்து இருந்தது. மை ஈரமாக இருந்தது.

"போய்ட்டு வரேன் சார்," என்றார் பழக்க தோஷத்தில்.

முன்கதவு வழியாக மூன்றாம் அறைக்குப் போனார். கையெழுத்தைப் பார்த்ததும் புகழேந்தி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"மேலிடமே ஒப்புதல் வழங்கிய பின் கீழிடம் ஐயுறுவது மரபன்று," என்று ஒலிவாங்கி இல்லாமலே சொல்லி, 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதினார்.

இரண்டாம் அறையில் அனந்தராமன் கோப்பைத் தொடவில்லை. "எந்தப் பக்கமா வந்தேள்?"

"அந்தப் பக்கமா."

"எடமாவா?" அவர் குரல் இறங்கியது. பின்னால் அலமாரியில் தாள்கள் சலசலத்தன. ஒரு கட்டு அல்ல, எல்லாக் கட்டுகளும். "அம்மா, இந்தக் கட்டடத்துல யாரும் எடமா சுத்தினதே இல்ல." ஆனால் கோப்பில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. அவருக்கு மேலே உள்ளவர்கள் இருவர். ஒருவர் உயிரோடு இருப்பதும் ஒருவர் இல்லாததும் அவருடைய பணிவைக் குறைக்கவில்லை. கையெழுத்திட்டார்.

ஒன்றாம் அறையில் முத்துலட்சுமி 'மற்றம்: ஐந்து' என்று தட்டினார். மகிழ்ச்சியில் பேனாவை எடுத்துக் காலும் போட்டார்.

அப்போதுதான் லூர்தம்மா பெயர்த்தெடுத்த தாளை அவர் முன் வைத்தார். "இது மேஜைல ஒட்டிகினு கெடந்துச்சு மேடம். அவுரு ரெண்டு பக்கமும் வரலாம்னுதான் எழுதிகீறாரு. வோ. நீங்க கால வுட்டுட்டீங்க."

முத்துலட்சுமி தாளில் இருந்த வோ-வின் காலை விரலால் தொட்டார். "வலமா-வுக்கு ஒரு கால் போட்டேன்," என்றார் மெல்ல. "வோ-வுக்குப் போடறதுக்குள்ள டீ வந்துடுச்சு."

ஏஞ்சலுக்குக் கொட்டிவாக்கம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது.

அடுத்த மாதம் வாரியம் கோதண்டபாணிக்குப் பிரிவு உபசார விழா நடத்தியது. பதிவேட்டில் கையெழுத்து வருவது நின்றுவிட்டதாம். லூர்தம்மாவுக்கும் அழைப்பு வந்தது. நாற்காலிக்குச் சால்வை போர்த்தினார்கள். புகழேந்தி பேசினார்.

"ஏழாண்டுகள் ஒரு பிழையோடு வாழ்ந்தோம். அப்பிழை நம்மைக் காத்தது. இன்று அது களையப்பட்டுவிட்டது. ஆகவே உடனடியாக வேறொன்று தேவைப்படுகிறது! ஐயாவின் முதல் தாளை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டோம். இரண்டாம் தாளின்படி புதிய விடைக்குறிப்பு இன்று வெளியாகிறது. மாதிரி விடையாக இத்தாயின் மகளுடைய விடைத்தாளே இணைக்கப்படுகிறது. இனி அவர் வாரியத்தின் மகள்!"

எல்லோரும் கைதட்டினார்கள். லூர்தம்மாவும் தட்டினார். கையில் கொடுத்த சுற்றறிக்கையை ஷேர் ஆட்டோவில்தான் எழுத்துக் கூட்டினார். 'அம்புகள் இடமாகவே.' முதல் கால் பேனாவால் போட்டிருந்தது. 'விடைக்குறிப்பு ஆசிரியர்: ஜ. ஏஞ்சல்.'

மறுபடி டீ வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவுதான் நினைத்தார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஏஞ்சல் சாயங்காலம் வேர்த்து எழுந்தாள். வலது கை ஆள்காட்டி விரலில் சிவப்பு.

"இன்னாடி கையில?"

"தெரியல. தினமும் தூங்கி எழுந்தா கீது. சோப்பு போட்டாலும் போகல." அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஒரே கனவும்மா. ஒரு ரூம்ல உக்காந்து தாள் திருத்திகினே கீறேன். விசிறி கிரீச்சு கிரீச்சுங்குது. எல்லாப் பசங்களும் சரியாதான் போட்டுகீறாங்க. ஆனா அம்பு வலமா கீது. நான் அஞ்சு போடப் போறேன், கை முட்டை போடுது. என் கை என் பேச்ச கேக்க மாட்டேங்குது. எதிர்ல டீ ஆறிகினே கீது, குடிக்க முடியல. எந்திரிக்கவும் முடியல."

மறுநாள் காலை லூர்தம்மா கூடையை இறக்காமலே வாரியத்துக்குப் போனார். முத்துலட்சுமி பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஆகஸ்டிலிருந்து தினமும் ஒரு கையெழுத்து, சிவப்பு மையில். ஏஞ்சல் தன் பெயரின் கடைசி எழுத்தை மீன் வால்போல் இழுத்து முடிப்பாள். எல்லாவற்றிலும் அந்த வால் இருந்தது. அன்றைய கையெழுத்து இன்னும் காயவில்லை.

"இத்த எடுத்துடுங்க. எம் பொண்ணு பேர எடுத்துடுங்க. அஞ்சு மார்க்கயும் வேணா எடுத்துக்கோங்க."

சத்தம் கேட்டு அனந்தராமன் வந்தார். "மார்க் வேண்டாம்னு மனுவா? அதுக்குப் படிவமே இல்லியேம்மா. ஆசிரியர் பேர நீக்கறதுக்கும் படிவம் கிடையாது. மாத்தறதுக்குத்தான் இருக்கு. வேற யாராவது எழுதினதா நிரூபிச்சா மாத்தலாம்."

புகழேந்தியும் வந்துவிட்டார். "வருந்தாதீர்கள் தாயே. பணிச்சுமை ஒன்றுமில்லை. அமர்ந்திருந்தால் போதும். முன்னவர் ஏழாண்டுகள் அமர்ந்திருந்தார், ஒரு குறையும் சொல்லவில்லை."

முற்றத்துக்கு அப்பால் வரிசை நின்றது. காலாண்டுத் தேர்வில் வலமாக அம்பு போட்டுச் சுழியம் வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர். முதலில் நின்ற பெண் லூர்தம்மாவின் முந்தானையைத் தொட்டாள். பெயர் மஹதி என்றாள், மந்தைவெளியாம்.

"நீங்கதானே மார்க் வாங்கினவங்க? எப்படிங்க வாங்கினீங்க? எந்தப் பக்கமா போகணும்? என் பையன் சாப்பிடவே மாட்டேங்கிறான்."

சொன்னால் போதும். எதிர்ப்பக்கமா போ என்று இரண்டு வார்த்தை. மஹதியின் பையனுடைய தாள் விடைக்குறிப்பாகும், ஏஞ்சல் எழுந்து வந்துவிடுவாள், அந்தப் பையன் போய் உட்காருவான். லூர்தம்மா அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தார். ரேஷன் பையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். நான்கு நாள் சுற்றிய முகம்.

"தெரியாதும்மா," என்றார் லூர்தம்மா. "எனக்குத் தானா வந்துச்சு."

பிறகு அனந்தராமன் பக்கம் திரும்பினார். "சார், அந்த வழி அவளுது இல்ல. என்னுது."

"என்னது?"

"நண்டு. கூடையோட நிறுத்து வெறுங்கூடைய கழிக்கறது. பின்பக்கமா போய் முன்னாடி வரது. நான் பண்றதப் பாத்துதான் அவ போட்டா. வேணும்னா தோ, தராசு கொண்டாங்க, கூடை கீது, நிறுத்துக் காட்டறேன்."

வாரியம் கூடியது. முற்றத்து விளிம்பில் தராசு வைத்து நிறுத்துக் காட்டினார். ஒரு நண்டு தப்பி நான்காம் அறை ஜன்னலுக்குக் கீழே ஓடியது. யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை. புகழேந்தி உருகிவிட்டார். "கடலோரத் தாயொருத்தியின் மரபறிவு! விடைக்குறிப்பின் மாண்பு உயர்ந்தது. விடை மாறவில்லை, ஆசிரியர் மட்டும் மாறுகிறார். மதிப்பெண் அப்படியே இருக்கும்."

முத்துலட்சுமி படிவத்தைத் தட்டினார். 'ஆசிரியர்: லூர்தம்ம.' அச்சிட்டு எடுத்து, பேனாவைத் திறந்தார். இந்த முறை அவர் விழிப்பாக இருந்தார். டீ வந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

"இருங்க, கடைசில கால் போட்டுடறேன்."

லூர்தம்மா அவர் கையைப் பிடித்தார்.

"வேணாம் மேடம். கெடக்கட்டும்."

"தப்பா இருக்கேம்மா."

"தப்பாவே இருக்கட்டும். காலு இருந்தா நான் எந்திரிச்சுப் போய்டுவேன். நான் போய்ட்டா நீங்க திரும்ப அவளக் கூப்புடுவீங்க."

முத்துலட்சுமி பேனாவை மூடினார். நான்காம் அறையில் விசிறி கிரீச்சிடத் தொடங்கியது.

ஏஞ்சலின் விரல் இரண்டு நாளில் வெளுத்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பும் போனது. சனிக்கிழமை கல்லூரியிலிருந்து நேரே அங்காடிக்கு வந்தாள். அம்மா பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எப்போதும் நின்றுகொண்டு கூவி விற்பவர்.

"இன்னாமா, உக்காந்துட்ட?"

"சொம்மாதான். அசதி."

ஏஞ்சல் அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனி சிவந்திருந்தது.

"இது இன்னா?"

"வஞ்சிரம் வெட்டினேன். ரத்தம்."

"எப்ப வெட்டின?"

"காலையில."

ஏஞ்சல் கையை விடவில்லை. மணி நான்கு. வெயில் பலகைமேல் சாய்ந்திருந்தது. ரத்தம் காய்ந்தால் கருக்கும் என்று கல்லூரியில் முதல் மாதமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவின் விரலில் இருந்தது கருக்கவில்லை.